குறைத்த எடை ஏன் மீண்டும் ஏறுகிறது?

கேள்வி: ஓராண்டு முயன்று 78 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு வந்தேன். அளவாகவே சாப்பிட்டும் மூன்று கிலோ ஏறிவிட்டது. தராசைப் பார்த்தாலே அழுகை வருகிறது. (வாசகி, ஹட்டன்)

பதில்: சகோதரி, இது உங்கள் மனவுறுதிக் குறைவன்று, அப்படி எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். மெலிந்த உடல் முன்பைவிடக் குறைந்த சக்தியையே செலவிடுகிறது. அத்துடன், நிறைவை உணர்த்தும் லெப்டின் என்ற ஹோர்மோன் தணிந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் உயர்வதால், ஓராண்டு கழிந்த பின்னரும் பசி அடங்குவதில்லை. கோதுமை மா ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். தேநீரையும் கவனியுங்கள்: ஒரு தேக்கரண்டி சீனியில் ஏறத்தாழ 16 கலோரி உள்ளதால், இரண்டு கரண்டி வீதம் ஐந்து கோப்பை குடித்தால் 160 கலோரி சேர்ந்துவிடும். சோர்வும் இருந்தால் தைரொயிட் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.