இந்தியாவில் உளவு பார்த்ததாகக் கைதானால் எந்தச் சட்டம் பாயும், என்ன தண்டனை?

முக்கியமானது 1923இல் வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த அலுவல்சார் இரகசியச் சட்டம். அதன் 3ஆம் பிரிவுதான் உளவுக்கு உரியது. ராணுவம், கடற்படை, விமானப்படை சார்ந்த ரகசியம் என்றால் 14 ஆண்டு வரை சிறை. மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை.

சரி, இதில் என்னைப் பயமுறுத்துவது தண்டனை அல்ல, 3(2) உட்பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாட்டுக்குக் கேடான நோக்கம் இருந்தது என்று காட்ட, குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. சூழ்நிலை, நடத்தை, அவரைப் பற்றித் தெரிந்த குணம் இவற்றை வைத்தே தண்டிக்கலாம் என்கிறது அது. சாதாரணத் திருட்டு வழக்கில்கூட இப்படிக் கிடையாது.

நம்பி நாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி. ராக்கெட் தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்கு விற்றதாக 1994 நவம்பரில் கேரள போலீஸ் கைது செய்தது. ஐம்பது நாள் காவலில் இருந்தார். குற்றச்சாட்டு பொய் என்று 1996இல் சிபிஐ சொன்னது. மாநில அரசு மறுபடி விசாரிக்க முயன்றதை 1998இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் 20 ஆண்டு கழித்து, 2018இல்தான் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதற்குள் அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது.