டீச்சரைக் கேளுங்கள்: தவளை கத்தினால் தப்பு

கேள்வி: பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூகுள் மீட்டில் தமிழ் சொல்லித் தருகிறேன். அவர்களே தொட்டு விளையாடிப் படிக்கிற மாதிரி பாடம் வேண்டும். செயலி செய்து தர 80 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா டீச்சர்?
- ஒரு வாசகி, பாபநாசம்

கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் கட்டினால், பிள்ளைகள் வீடியோவில் பார்த்துப் பேசவாவது ஆகும்.

2020 ஊரடங்கில் நானும் இந்த ஆசையில் விழுந்தவள்தான். திருவையாற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாதம் மெனக்கெட்டேன். சரியான விடையைத் தொட்டால் கைதட்டல், தப்பைத் தொட்டால் தவளைச் சத்தம். மழை பெய்த ஒரு ராத்திரி வாய்க்கால் ஓரத்தில் நானே பதிந்த தவளை அது. முதல் வாரமே மூன்று பிள்ளைகளுக்கு எல்லா விடையும் தப்பு. பயந்துபோய்க் கூப்பிட்டுக் கேட்டால், "தவளை நல்லா கத்துது டீச்சர் பாட்டி, அதான்" என்கிறது ஒன்று!

தவளையைச் சரியான விடைக்கு மாற்றிவிட்டேன். தப்பான விடைக்கு என்ன வைப்பது என்று யோசிக்கப் போய்த்தான் பாடம் எங்கே இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. வெறுமனே "தப்பு" என்று சொல்ல நான் போதாதா, செயலி எதற்கு?

ஒரு கேள்வியைப் பாருங்கள். 'ஆத்தா ____ வந்தாள்.' வயலை, வயலில், வயலுக்கு என்று மூன்று விடை. 'வயலை'த் தொடுகிற பிள்ளைக்கு, "வயலை உழலாம், விற்கலாம். ஆத்தா எங்கே வந்தாள் என்று கேட்டுப் பார்" என்று வரவேண்டும். 'வயலில்' தொட்டால், "வயலில் நிற்கலாம், களை பறிக்கலாம். வந்து சேருவதற்கு வேறு உருபு" என்று வரவேண்டும். இரண்டு பிள்ளைகளும் வேறு வேறு காரணத்தால் தப்பு செய்கிறார்கள். பதிலும் வேறாகத்தானே இருக்கவேண்டும்? (முதலில் 'போனாள்' என்றுதான் போட்டிருந்தேன். வயலுக்குப், வயலைப் என்று இரண்டில் ஒற்று ஒட்டிக்கொண்டு, 'வயலில்' மட்டும் தனியே துருத்திக்கொண்டு நின்றது. 'வந்தாள்' என்றதும் அந்தத் தொல்லை போயிற்று. தமிழுக்குப் பயிற்சி செய்கிறவர்கள் இந்த மாதிரி ஒற்று விடையைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதைச் செய்யக் கூகுள் படிவமே போதும், காசில்லை. ஆனால் அதிலுள்ள வினாடி வினா அமைப்பை நம்பாதீர்கள். எந்தத் தப்புக்கும் ஒரே பதில்தான் எழுத விடும், அதுவும் பிள்ளை எல்லாவற்றையும் முடித்து அனுப்பிய பிறகுதான் காட்டும். சூடு ஆறிய பிறகு சோறு போட்ட கதை. அதற்குப் பதில் படிவத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த விடையைத் தொட்டால் எந்தப் பகுதிக்குப் போகவேண்டும் என்று அமைத்துவிடுங்கள். தப்பு விடைக்கான பகுதியில் உங்கள் குறிப்பை எழுதி, அங்கிருந்து மறுபடி கேள்விக்கே திருப்பி அனுப்பலாம்.

கை பழகிய பிறகு எச்5பி பக்கம் வாருங்கள். அது இந்த மாதிரித் தொட்டு விளையாடுகிற பயிற்சிகளைச் செய்வதற்கான கட்டற்ற மென்பொருள். ஒவ்வொரு விடைக்கும் தனிப் பதில் எழுத அதிலேயே இடம் உண்டு. சொந்த இணையதளம் இல்லையென்றால் லூமி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொண்டு, அதில் பயிற்சியைச் செய்து, ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக எடுத்து அனுப்பலாம். கணினியில் நெட் இல்லாமலே திறக்கும்.

எதற்கும் முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்து உங்கள் பன்னிரண்டு பேரும் எங்கெங்கே தடுக்குகிறார்கள் என்று நாலு வாரம் எழுதுங்கள். அந்த நோட்டை எந்த நிறுவனமும் செய்து தராது.

கேள்வி: கொக்குப் படம் போட்டுப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். ஒரு பையன் 'கொக்கு' என்று சரியாகத்தான் அடித்தான். தப்பு என்று வருகிறது. அழுதுவிட்டான்.
- ஓர் ஆசிரியர், மன்னார்குடி

பாவம் பிள்ளை. எனக்கும் இதே வந்து, இரண்டு நாள் என் கண்ணையே சந்தேகப்பட்டேன்.

கரும்பலகையில் 'கொ' எழுதும்போது ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று போடுகிறோம். கணினி எழுத்துகளைச் சேமிக்கிற பொது முறையான யூனிகோடில் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி ஒன்று தனியாகவே உண்டு. சில விசைப்பலகைகளில் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டினால், உள்ளே இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடு விதிப்படியும் சமம்தான். அதை அறியாத மென்பொருள் எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் குறியை எண்ணிவிட்டுத் தப்பு என்று சொல்லிவிடும். 'கோ' வரிசைக்கும் இதே கதிதான்.

இரண்டு விதமாகவும் தட்டி, இரண்டையும் சரியான விடையாகச் சேர்த்துவிடுங்கள். எச்5பி-யில் நடுவே சாய்கோடு போட்டு எழுதலாம். கூகுள் படிவத்தில் ஒரே கேள்விக்குப் பல சரியான விடைகள் வைக்கலாம்.

ஆனால் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டி 'கெரக்கு' என்று வைக்கிறவர்களும் உண்டு, பெரியவர்களே செய்கிறார்கள். திரையில் சட்டென்று தெரியாது. அது தப்புதான், அதைச் சரி என்று சேர்க்காதீர்கள். அந்தப் பையனிடம் மட்டும், மெஷின்தான் தப்பு செய்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் குரலில் பதிந்தால் பின்னால் மோட்டார் கொட்டகைச் சத்தம். எனக்கு ழகரமும் கொஞ்சம் தகராறு. கம்ப்யூட்டர் குரலையே வைத்துவிடலாமா?
- ஒரு வாசகி, வலங்கைமான்

பீரோக் கதவைத் திறந்துவைத்து, தொங்குகிற புடவைகளைப் பார்த்துப் பேசுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். மோட்டாருக்கு மட்டும் கரண்ட் போகிற நேரம் பார்த்துக் காத்திருக்கவேண்டும், வேறு வழி இல்லை. மிச்சமுள்ள இரைச்சலை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் குறைக்கலாம். அதிலேயே மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3-ஆக எடுத்தால் ஒரு நிமிடப் பேச்சு அரை எம்பிக்குள் அடங்கும்.

ழகரத்துக்குத் தெருவில் நல்லபடி சொல்கிறவர் ஒருவர் இல்லாமலா போவார்? பள்ளி, பல்லி; வாளை, வாழை; கரை, கறை என்று இரட்டை இரட்டையாக அவரைச் சொல்லச் சொல்லிப் பதியுங்கள். பிள்ளை கேட்டுவிட்டுப் படத்தைத் தொடட்டும். மற்றதெல்லாம் உங்கள் குரலிலேயே இருக்கட்டும். "போயிட்டு வர்றேன்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, 'போய்விட்டு வருகிறேன்' என்ற எழுத்தைப் பிள்ளை தேடித் தொடுகிற மாதிரி ஒரு பயிற்சி செய்து பாருங்கள். வீட்டில் கேட்கிற தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் நடுவில்தான் இந்தப் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள்.

கேள்வி: படங்களை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

கண்டதை எடுக்காதீர்கள், உரிமை உள்ளவர் கேட்பார். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் படத்துக்குக் கீழே நிபந்தனை போட்டிருக்கும், அதன்படி எடுத்தவர் பெயரைப் போட்டுப் பயன்படுத்தலாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளத்தில் தமிழ்க் கதைகளும் படங்களும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

ஆனால் நடவுப் படம் தேடினால் பாதிக்கு மேல் கூம்புத் தொப்பி போட்ட யாரோதான் வருகிறார்கள். நாற்றுமுடி, மடை, வைக்கோல் போர் எல்லாம் உங்கள் ஊரிலேயே இருக்கும்போது எதற்கு அந்த அலைச்சல்? சம்பா நடவு சமயத்தில் போனை எடுத்துக்கொண்டு வரப்பில் நடங்கள். ஆட்கள் முகம் தெரிகிற மாதிரி எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.