மேலப்பாளையத்தில் சாப்பிட – கடிதம்

வணக்கம் சார். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி வருகிறேன். மேலப்பாளையத்தில் மாட்டுக்கறி பிரியாணியும் புரோட்டாவும் மலிவு, ருசியும் உண்டு என்று நண்பர் சொன்னார். ஆனால் உள்ளூர் உறவினர், “அங்க எதுக்குப் போறிய, ஒரே குப்பை, ஆளுகளும் ஒரு மாதிரி” என்கிறார். தனியாகப் போகலாமா? கேமரா கொண்டுபோகலாமா?

ர. செ., கோவை

அன்புள்ள ர. செ.,

தாராளமாகப் போங்கள். கேமரா லாட்ஜிலேயே இருக்கட்டும்.

குப்பை விஷயத்தில் உங்கள் உறவினர் சொல்வது சரிதான். தனி நகராட்சியாக இருந்த ஊர், 1994ல் மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆனாலும் ஊருக்குள் ஓடும் பாளையங்கால்வாயைப் பார்த்தால் வாய்க்காலா சாக்கடையா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும்.

‘ஆளுக ஒரு மாதிரி’ என்பதை நானும் கேட்டு வளர்ந்தவன். ஜங்ஷன்காரனான எனக்கு ஆற்றைத் தாண்டி கொக்கிரகுளம் போகலாம், பாளையங்கோட்டை போகலாம், மேலப்பாளையம் மட்டும் கூடாது. கல்லூரியில் கூடப் படித்தவன்தான் முதலில் கூட்டிப்போனான். அவன் உம்மா மடியில் பீடித் தட்டோடு திண்ணையில் இருந்தார். “நின்னுக்கிட்டே இருக்கியே, இரிப்பா” என்று சொல்லிவிட்டு, கை நிற்காமலே பையனைப் புரோட்டா வாங்க விரட்டினார். அடுப்புப் பற்றவைத்தால் அன்றைக்கு ஆயிரம் பீடி சுற்றி முடியாது, கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். அந்த ஊர்க் கடைகள் இப்படிப்பட்ட வீடுகளை நம்பி நடப்பவை, விலையும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும்படிதான் இருக்கும். மாட்டுக்கறியும் ஆட்டுக்கறி விலையில் பாதிதான் வரும் என்பதால் கடைக்காரருக்கும் நஷ்டமில்லை. நீங்கள் ‘மலிவு, மலிவு’ என்று படம் பிடித்துக்கொண்டு நின்றால், தூக்குச்சட்டியோடு பின்னால் சால்னாவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்குத்தான் நேரமாகும்.

சாயங்காலம் விளக்கு வைத்தபிறகு பசியோடு போங்கள். பஜார் திடல் பக்கம் நடந்தால் கல்லில் புரோட்டா தட்டுகிற சத்தமே வழி சொல்லும். போர்டு பார்க்காதீர்கள், கூட்டம் பாருங்கள். சால்னா கேட்காமலே ஊற்றுவார்கள், போதும் என்று கையை வைத்து மறைத்தால்தான் நிறுத்துவார்கள். ஈரல், குடல், சுவரொட்டி (மண்ணீரல்) என்று கல்லில் வறுத்துத் தருகிற இடத்தில் மிளகு தூக்கலாகக் கேளுங்கள் (பிரியாணியைவிட எனக்கு இதுதான், நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்). சந்தை பார்க்கணும் என்றால் செவ்வாய்க்கிழமை காலையில், ஆடும் மாடும் கோழியுமாக நடக்க இடம் இருக்காது, பக்ரீத் நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

நோன்பு மாதத்தில் வந்தால் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். பாத்திரம் கொண்டுபோய் வரிசையில் நின்றால் போதும், நீங்கள் யார் என்று இதுவரை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் அந்த உறவினரையும் கூட்டிக்கொண்டு போங்களேன். அவர் இதுவரை போயே இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது.