டிசம்பரில் சப்ளை டீச்சராகப் போகலாமா?

கணவரின் வேலை விசாவில் இந்த ஆண்டு இங்கிலாந்து வந்திருக்கிறீர்கள். ஊரில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு டீச்சர். டீச்சர் வராத நாளில் பதிலுக்குப் போகிற சப்ளை டீச்சர் வேலைக்கு ஏஜென்சியில் பதிவு செய்தாயிற்று, டி.பி.எஸ். என்கிற குற்றப் பதிவுச் சரிபார்ப்புச் சான்றிதழும் வந்துவிட்டது. "டிசம்பரில் பாடமே நடக்காதாமே, பாட்டும் நாடகமும்தானாமே. எனக்கு அந்தப் பண்டிகையே பழக்கமில்லை. பேசாமல் ஜனவரியில் ஆரம்பிக்கட்டுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம்மா, இப்போதே ஆரம்பியுங்கள். குளிர் ஏற ஏறச் சளி, ஃப்ளூ, வாந்திக் கிருமி என்று ஒவ்வொன்றாக ஸ்டாஃப் ரூமைச் சுற்றிவரும். நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் பாதிவரை ஏஜென்சிக்காரர்கள் ஆள் தேடித் திண்டாடுவார்கள். உங்கள் முகம் ஒரு பள்ளிக்குத் தெரியவர இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

பண்டிகை பழக்கமில்லை என்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். இத்தனை வருஷம் வகுப்பு வகுப்பாகப் போய்வந்ததில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. டிசம்பர் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சாதாரண நாளைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. செப்டம்பரில் தொடங்கிய பருவம், நடுவில் ஒரு வார லீவு போக, இழுத்துக்கொண்டே வந்து நிற்கிறது. பிள்ளைகள் களைத்துப்போயிருப்பார்கள். ஒத்திகை, கேரல் பாட்டு, கிறிஸ்துமஸ் சாப்பாட்டு நாள், ஜம்பர் (ஸ்வெட்டர்) நாள் என்று டைம்டேபிள் தினம் உடையும். அதில் தெரிந்த டீச்சரும் வராமல் போனால் சின்னதுகளுக்குக் காலடியில் தரை நழுவியது போல இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் நிதானமாக உள்ளே வந்து, போர்டில் தேதி எழுதி, இன்றைக்கு முதலில் இது, அப்புறம் அது, அப்புறம் சாப்பாடு என்று வரிசையாகச் சொன்னாலே பாதி வகுப்பு அடங்கிவிடும்.

காலை ஏழு மணி வாக்கில் போன் வரும். முந்தின இரவே பையைக் கட்டி வையுங்கள். லண்டன் பக்கம் டிசம்பரில் சூரியன் எழ எட்டு மணி ஆகும், மாலை நாலுக்கு முன்பே இருட்டிவிடும், ஆக போவதும் வருவதும் இருட்டில்தான். கனமான கோட்டு, தொப்பி, கையுறை கண்டிப்பாக வேண்டும். இன்டர்வெல்லில் மைதான டியூட்டி உங்கள் தலையில் விழலாம். மழை பெய்தால் "வெட் ப்ளே" என்று எல்லாரையும் வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டிவரும். வெளியே ஓடாத பிள்ளைகளோடு பிற்பகலை ஓட்டுவதுதான் என் கணக்கில் இந்த மாதத்திலேயே கஷ்டமான வேலை. பையில் எப்போதும் ஒரு கட்டு வெள்ளைத்தாள் இருக்கட்டும். நீங்கள் கணக்கு டீச்சர். தாளை மடித்து வெட்டிப் பனித்துகள் செய்யச் சொல்லி, சமச்சீர்க் கோடுகளை எண்ணவைத்தால் அரைமணி நேரம் அழகாகப் போய்விடும். அதுவும் பாடம்தான்.

ரிசப்ஷனில் போட்டோ அடையாள அட்டையும் டி.பி.எஸ்.ஸும் காட்டி, லேன்யார்ட் என்கிற அட்டைப் பட்டியை வாங்கிக் கழுத்தில் மாட்டியதும் வகுப்பு உதவியாளரைத் தேடிப் பிடியுங்கள். அவர்தான் அன்றைக்கு உங்கள் வலது கை. ஒத்திகைக்கு ஹால் எத்தனை மணிக்கு, யார் யாருக்கு என்ன அலர்ஜி, யார் யார் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் கலந்துகொள்வதில்லை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடாத யெகோவாவின் சாட்சிகள் என்கிற சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளியின் கூட்டு வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு இங்கே சட்டப்படி உரிமை உண்டு. மற்றவர்கள் வாழ்த்தட்டை வரையும்போது அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்படி விட்டுவிடாதீர்கள். அதற்கும் அதே வண்ணத்தாளில் வேறொரு வேலை தயாராக இருக்கட்டும்.

பிரைமரியில் நேட்டிவிட்டி, அதாவது இயேசு பிறப்பு நாடகம், பெரும்பாலும் நாலு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுடையது. தேவதைகளை ஹாலுக்குக் கூப்பிடுவார்கள், அவர்கள் திரும்பிவந்ததும் ஆட்டுக்குட்டிகளைக் கூப்பிடுவார்கள். டீச்சர் எழுதிவைத்துவிட்டுப் போன பாடத்திட்டம் பத்து மணிக்கே உதவாமல் போய்விடும். பதறாதீர்கள். ஒருமுறை இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், ஆட்டுக்குட்டி வேஷம், பஞ்சு ஒட்டிய தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டு மாட்டுகிற கொக்கிகளுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். ஹாலுக்கு வரமாட்டேன் என்று அழுகை. நான் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இந்தப் பென்சிலெல்லாம் மொக்கையா இருக்கு, சீவித் தர்றியா?" என்று ட்ரேயை நீட்டினேன். ஒவ்வொன்றாகச் சீவினான், நுனியை விரலால் தொட்டுப் பார்த்துப் பார்த்து அடுக்கினான். ட்ரே முடிந்ததும் அவனே எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உதவியாளர் கையைப் பிடித்துப் போனான். அவனுக்கு அன்றைக்கு ஆறுதல் வார்த்தை தேவைப்படவில்லை, பென்சில் சீவுகிற வேலை தேவைப்பட்டது.

மூன்று, நாலாம் வகுப்புக்குப் போனால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "மிஸ், சான்டா நிஜமாவே இருக்காரா?" மொத்த வகுப்பும் உங்கள் வாயையே பார்க்கும். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு, சிரித்தபடி பாடத்துக்குத் திரும்புங்கள். உண்மையைப் போட்டு உடைப்பது உங்கள் வேலை அல்ல, அது அவர்கள் வீட்டு விஷயம். இன்னொன்று, "கிறிஸ்துமஸுக்கு உனக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்று நீங்களாக எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிற பிள்ளையும், அப்பா ஒரு வீடு அம்மா ஒரு வீடு என்று இருக்கிற பிள்ளையும், வீட்டில் காசே இல்லாத பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கும். இரண்டு வாரம் பள்ளி இல்லை என்பது எல்லாப் பிள்ளைக்கும் சந்தோஷச் செய்தி இல்லை. கடைசி வாரத்தில் காரணமில்லாமல் முரண்டு பிடிக்கிற பிள்ளையைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மனதை உறுத்துகிற மாதிரி ஏதாவது சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, பள்ளியின் சேஃப்கார்டிங் (பிள்ளைகள் பாதுகாப்பு) பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். நாளைக்கு நீங்கள் அந்தப் பள்ளியில் இருக்கமாட்டீர்கள்.

செகண்டரியில் "மிஸ், படம் போடுங்க" என்று நச்சரிப்பார்கள். டீச்சர் வேலை கொடுத்துப் போயிருந்தால் அதைத்தான் செய்யவைக்க வேண்டும். படம் போடப் பள்ளி சம்மதித்திருந்தாலும் அது எந்த வயதுக்கான சான்றிதழ் என்று பார்த்துவிடுங்கள். ஜம்பர் நாள் என்பது சேவ் தி சில்ட்ரன் என்கிற குழந்தைகள் நல அமைப்பு 2012இல் தொடங்கியது. சில்லறை நன்கொடை கொடுத்து வேடிக்கையான ஸ்வெட்டர் போட்டு வருவார்கள். அதற்கென்று புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், உங்களிடம் இருக்கிற சிவப்புக் கார்டிகனே போதும்.

இனிப் பணம். நாள் சம்பளக்காரர்கள் நாம். பள்ளி மூடியிருக்கிற இரண்டு வாரமும் சம்பளம் இல்லை, ஜனவரி முதல் சில நாட்களும் போன் அதிகம் வராது. அதனால் நவம்பரிலிருந்தே கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். விடுமுறைச் சம்பளம் உங்கள் உரிமை. அதை நாள் கூலியிலேயே சேர்த்துக் கொடுக்கிறார்களா, தனியாகச் சேர்த்துவைக்கிறார்களா என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். வழக்கமான கணக்கு சம்பளத்தில் 12.07 சதவீதம். தனியாகச் சேர்ந்திருந்தால் கிறிஸ்துமஸ் வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஏஜென்சிக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று சம்பளம் போடுகிற "அம்ப்ரெல்லா" கம்பெனி வழியாகச் சம்பளம் தருகிறோம் என்றால் பே ஸ்லிப்பில் என்னென்ன பிடிக்கிறார்கள் என்று வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரே பள்ளியில் தொடர்ந்து வேலை கிடைத்தால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2011 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஏஜென்சி ஊழியர் விதிகளின்படி, ஒரே இடத்தில் ஒரே வேலையில் 12 வாரம் முடிந்தால், அந்தப் பள்ளி நேரடியாக நியமித்திருந்தால் என்ன சம்பளம் கொடுத்திருக்குமோ அதற்கு நீங்களும் உரியவர். கிறிஸ்துமஸ் லீவு வந்ததால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது. நின்ற இடத்திலிருந்தே ஜனவரியில் தொடரும். வாரக் கணக்கை நீங்களே டைரியில் குறித்துவையுங்கள்.

அந்த இரண்டு வார லீவை வீணாக்காமல் க்யூ.டி.எஸ். என்கிற இங்கிலாந்து ஆசிரியர் தகுதிக்கான விண்ணப்பத்தை எடுத்து உட்காருங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் தகுதி பெற்ற கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. உங்கள் பல்கலைக்கழகச் சான்றிதழ்கள், கற்பிக்கத் தகுதி உண்டு என்கிற அத்தாட்சிக் கடிதம் இரண்டும் ஊரிலிருந்து வந்துசேர நாளாகும். அதை இன்றைக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.