வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும்போதெல்லாம் பழைய மஸ்கெலியா நகரின் கோயில் தலைகாட்டுகிறது. மின்சாரத்துக்காக ஒரு நகரத்தையே மூழ்கடிக்கத்தான் வேண்டுமா? ஓடுகிற ஆற்றிலேயே மின்சாரம் எடுத்திருக்க முடியாதா?
– ஹட்டன் வாசகி ஒருவர்

பதில்: முடியும், எடுத்தும் பார்த்தார்கள். லக்ஷபானவில் நீர்மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினார். ஆனால் பழைய லக்ஷபான நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. (முப்பத்திரண்டு ஆண்டு தாமதத்துக்கு நம் நாட்டில் விளக்கம் தேவையில்லை.) அந்த நிலையத்துக்கு நீர் தந்த நோர்ட்டன் அணை சிறியது. அதனால் தென்மேற்குப் பருவமழையில் வந்த வெள்ளத்தின் பெரும்பகுதி அணையைத் தாண்டி ஓடிவிட, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆறு மெலிந்தபோது மின்சாரமும் மெலிந்தது. மின்சாரத்தை அந்த அளவில் சேமித்து வைக்க அன்று வழி இல்லாததால், அதைத் தரும் நீரைத்தான் உயரமான இடத்தில் சேமிக்க வேண்டியிருந்தது. கெஹெல்கமு ஓயாவின் மேற்பகுதியில் காசல்ரி நீர்த்தேக்கமும், மஸ்கெலியா ஓயாவில் 1969இல் மவுஸ்ஸாக்கலையும் உருவானதற்குக் காரணம் இதுவே.

உயரத்தின் மதிப்பை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீட்டர் தொட்டி நிறைய நீரை 100 மீற்றர் உயரத்திலிருந்து இறக்கினால் ஏறத்தாழ கால் அலகு மின்சாரம்தான் கிடைக்கும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மவுஸ்ஸாக்கலை நீர் ஒருமுறை வேலை செய்துவிட்டு ஓய்வதில்லை: கெனியன் நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டுக் கெனியன் குளத்தில் விழுகிறது, அங்கிருந்து புதிய லக்ஷபானவுக்கும் அதன்பின் பொல்பிட்டியவுக்கும் இறங்குகிறது. ஒரே நீர் மூன்று இடங்களில் மின்சாரம் தருவதால், மேலே தேக்கிய ஒவ்வொரு துளிக்கும் மூன்று முறை பயன்.

நீரைத் தேக்க அகன்ற பள்ளத்தாக்கும், அதன் வாயில் அணை கட்டுவதற்கு ஏற்ற ஒடுக்கமான இடமும் வேண்டும். மலைநாட்டில் ஊர்களும் கடைவீதிகளும் அமைந்ததும் அத்தகைய பள்ளத்தாக்குகளில்தான். மஸ்கெலியா நகரம் வேறிடத்துக்குப் பெயர்ந்தது. கோயில், பள்ளிவாசல், விகாரை மூன்றும் நீருக்குள் போயின. வெடித்த சேற்றுத்தரையில் நடந்து சென்று அந்த இடிபாடுகளைப் பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. அங்கே கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படியல்ல. பொறியியல் காரணம் சரியானது என்பதற்காக அந்த இழப்பு சிறியதாகிவிடாது என்பது என் கருத்து.

கேள்வி: வான்கதவு திறக்கப்படும்போது வெளியேறும் நீர் முழுவதும் வீண்தானே?
– நோர்வூட் வாசகர் ஒருவர்

பதில்: முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. மவுஸ்ஸாக்கலையில் திறக்கும் நீர் அதே ஆற்றின் வழியே கெனியன் குளத்துக்குத்தான் வருகிறது. கெனியன் நிலையத்தில் தந்திருக்கக்கூடிய மின்சாரம் மட்டும் போய்விடும். ஆனால் மேலே நிரம்பி வழியும் அளவுக்கு மழை பெய்யும் நாளில் கீழேயுள்ள சிறிய குளங்களும் பெரும்பாலும் நிரம்பியே இருக்கும். அப்போது அந்த நீர் எந்தச் சுழலியையும் தொடாமல் களனி கங்கையை நோக்கி ஓடிவிடும்.