பெரிய போர் வாத்துத் துப்பாக்கிகள்: சோக்கும் ரவைப் பரவலும் – வாசகர் கேள்விகள்

வாத்து வேட்டைக்கான பெரிய போர் துப்பாக்கிகள் பற்றி வெளிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். போர் (bore) என்பது குழலின் உள் அளவு; எண் குறைந்தால் குழல் பெரிது. ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள். அவை நெருக்கமாகப் போவதற்காகக் குழல் வாயில் வைக்கும் குறுகல்தான் சோக்; ஃபுல் என்றால் இறுக்கமானது, ஹாஃப் என்றால் அதில் பாதி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். எனவே இவை, உரிமமும் பருவமும் பார்த்து வேட்டை நடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கானவை.

என்னிடம் ஃபுல் சோக் வைத்த பழைய 8 போர் இருக்கிறது. 12 போரைவிட எவ்வளவு தூரம் கூடுதலாக அடிக்கும்? (நார்ஃபோக், இங்கிலாந்து)

தூரத்தை சோக்கும் கூட்டாது, போரும் கூட்டாது. ஒரே பருமனுள்ள ரவை ஒரே வேகத்தில் கிளம்பினால், எந்தக் குழலில் இருந்து வந்தாலும் 50 கெஜத்தில் அதன் பலம் ஒன்றுதான். பெரிய போர் தருவது எண்ணிக்கை.

ஈயத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். பிரிட்டிஷ் அளவில் 1-ஆம் எண் ரவை அவுன்ஸுக்கு 100. 12 போரில் 1¼ அவுன்ஸ் போட்டால் 125 ரவை. ஃபுல் சோக் என்றால் 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீதம் விழ வேண்டும். அதாவது 87 அல்லது 88. உங்கள் 8 போரில் 2 அவுன்ஸ் போட்டால் 200 ரவை, வட்டத்துக்குள் 140. அதையே அவுன்ஸுக்கு 70 வரும் பிபி ரவைக்கு மாற்றினாலும் வட்டத்துக்குள் 98 கிடைக்கிறது. 12 போரின் சின்ன ரவை எண்ணிக்கையை 8 போர் பெரிய ரவையிலேயே தாண்டிவிடுகிறது. பெரிய ரவை தூரம் போனாலும் வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழக்காது. பெரிய போரின் புகழுக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. 8 போர் குழலின் விட்டம் 0.835 அங்குலம், 12 போருக்கு 0.729. பரப்பளவில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல். அதே 2 அவுன்ஸை 12 போரில் திணித்தால் ரவை உயரமாக அடுக்கப்படும். மருந்து வெடிக்கும் கணத்தில் மேலே உள்ள பாரம் முழுவதும் அடி வரிசையை நசுக்கும். ஓரத்து ரவை குழலில் உரசித் தட்டையாகும். தட்டையான ரவை காற்றில் நேராகப் போகாது. விலகிப் போகும் அல்லது பின்தங்கும். 8 போரில் அடுக்கு குட்டை, அதனால் இந்தச் சேதமும் குறைவு.

அந்த 8 போரில் ஸ்டீல் ரவை போடலாமா?

பழைய குழல் என்றால் வேண்டாம். ஸ்டீலைப் பற்றிய பேச்சே, இங்கிலாந்தில் வாத்துகளைச் சுட ஈய ரவை 1999 முதல் தடை என்பதால்தான். சேற்றில் விழும் ஈயத்தை, இரையை அரைப்பதற்காக விழுங்கும் சிறு கற்களோடு சேர்த்துப் பறவை விழுங்கிவிடுகிறது. பிறகு நஞ்சேறிச் சாகிறது. தடை வந்தது நியாயம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஈயம் மென்மையானது. சோக்கின் குறுகலுக்குள் நெருங்கி, நசுங்கி வெளியேறும். ஸ்டீல் அப்படி விட்டுக்கொடுக்காது. குழல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி வீங்கிய குழலின் வாயருகே வெளிப்புறத்தில் விரலை ஓட்டினால், மோதிரம் போட்டது போல ஒரு மேடு தட்டுப்படும். ஸ்டீலுக்கென்றே சோதித்து முத்திரை குத்திய 12 போரில்கூட, 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஸ்டீல் ரவைக்கு ஹாஃப் சோக்தான் எல்லை.

உங்களுக்கு ஏற்றது பிஸ்மத் என்ற உலோக ரவை. ஈயம் போலவே மென்மை, எடை மட்டும் சற்றுக் குறைவு. அதனால் ஒரு படி பருத்த ரவையாகப் போடுங்கள். முதலில் துப்பாக்கியை ஒரு நல்ல கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுத்து, குழலின் கனத்தையும் முத்திரைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

குழல் வாயில் 10 சென்ட் நாணயம் நுழையாவிட்டால் ஃபுல் சோக் என்கிறார்களே, சரியா? (மினசோட்டா, அமெரிக்கா)

நம்பாதீர்கள். அந்த நாணயத்தின் விட்டம் 17.9 மில்லிமீட்டர். சோக் என்பது வாயின் அளவு அல்ல. குழலின் உள் விட்டத்துக்கும் வாயின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். 12 போரின் பெயரளவு விட்டம் 18.5. அதில் ஃபுல் சோக் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறுகல், எனவே நாணயம் நிற்கும். ஆனால் மாஸ்பர்க் 835 போன்ற 12 போரில் குழலை 10 போர் அளவுக்கே, அதாவது 19.7 மில்லிமீட்டருக்குக் குடைந்திருப்பார்கள். அதில் 1 மில்லிமீட்டர் குறுகல் இருந்தாலும் நாணயம் தாராளமாக உள்ளே விழும்! குழலையும் வாயையும் தனித்தனியாக அளக்க உள்விட்ட அளவி இருக்கிறது. அதை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

சோக்கைக் கண்டுபிடித்தவர் கிரீனர்தானா?

பரவலாக்கியவர் அவர். நியூகாசில் நகரத் துப்பாக்கி செய்பவர் பேப் 1866-லேயே காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் இல்லினாய் மாநில வாத்து வேட்டைக்காரர் பிரெட் கிம்பிளுக்கும் உரிமை கோரல் உண்டு. பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1874-ல் அதை ஒழுங்கான முறையாக்கினார். மறு ஆண்டு லண்டனில் நடந்த சோதனைகளில் சோக் குழல்கள் பழைய நேர்க்குழல்களை மிஞ்சிக் காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது.

10 போரில் பெரிய ஸ்டீல் ரவைக்கு எக்ஸ்ட்ரா ஃபுல் (ஃபுல்லைவிட இறுக்கமான சோக்) போட்டேன். பறவை பரவலுக்கு நடுவே இருந்தும் தப்புகிறது. ஏன்? (மினசோட்டாவில் இருந்தே இன்னொருவர்)

தாளில் சுட்டுப் பார்த்தீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை வயலுக்குப் போகும் முன் அதைச் செய்யுங்கள். நான்கு அடி சதுரத்துக்குக் குறையாத தாள், நடுவில் ஒரு குறி, 40 கெஜம் அளந்த தூரம். ஒரு தோட்டாவுக்கு ஒரு தாள், குறைந்தது ஐந்து தாள். சுட்ட பிறகுதான் வட்டம் போட வேண்டும். ஓட்டைகள் எங்கே அதிகம் நெருங்கி இருக்கின்றனவோ அதை மையமாக வைத்து 30 அங்குலம். குறியில் இருந்து அந்த மையம் எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தவறு அங்கேகூட இருக்கலாம். ஒரு தோட்டாவைப் பிரித்து மொத்த ரவையை எண்ணினால்தான் சதவீதம் சரியாக வரும்.

அப்புறம் இடைவெளிகளைப் பாருங்கள். வட்டத்துக்குள் வாத்தின் உடல் அளவுக்கு, ஓட்டையே விழாத வெற்றிடங்கள் இருக்கிறதா? சதவீதம் நன்றாக இருந்தும் அப்படி இருந்தால் பரவல் கெட்டிருக்கிறது. பெரிய, கெட்டியான ரவையை அளவுக்கு மீறி இறுக்கினால் இப்படித்தான் ஆகும். ஸ்டீல் நசுங்காமல் உருண்டையாகவே போவதால், ஹாஃப் சோக்கிலேயே ஈயத்தின் ஃபுல் சோக் அளவுக்கு நெருக்கம் கிடைக்கும்.

பறவை கிட்டே வந்திருந்தாலும் இறுக்கம் உங்களுக்கு எதிரிதான். 20 கெஜத்தில் ஃபுல் சோக்கின் பரவல் 16 அங்குலம்தான். சோக்கே இல்லாத குழலில் அது 32.

அந்த எக்ஸ்ட்ரா ஃபுல் டியூபில், அதாவது குழல் வாயில் மாட்டும் சோக்கில், ஸ்டீல் கூடாது என்று பொறித்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஹாஃப் சோக்கை மாட்டி அதே தோட்டாவில் ஐந்து தாள் சுட்டு, இரண்டு சோக்குகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள்.