மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, சொக்சோ அலவன்ஸ் நின்றுவிடுமா?

பட்டர்வொர்த்திலிருந்து 26 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் வேலை. ஆட்குறைப்பில் வேலை போனது. மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில், வேலை போனவர்களுக்கான வேலை தேடும் அலவன்ஸுக்கு விண்ணப்பித்து, இரண்டு மாதப் பணமும் கைக்கு வந்துவிட்டது. சனி, ஞாயிறுகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் நாளுக்கு ஐந்து மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார். இப்போது பாயான் லெப்பாஸில் மென்பொருள் சோதனை செய்யும் நிறுவனம் ஒன்று மூன்று மாத இன்டர்ன்ஷிப் தருவதாகச் சொல்கிறது. மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்). "இன்டர்ன்ஷிப் என்பது வேலை இல்லை, பயிற்சிதான், சொக்சோவிடம் சொல்லவே தேவையில்லை என்கிறாள் தோழி. சொன்னால் அலவன்ஸ் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, முதலில் ஒன்று. சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். வேலைக்குப் போகும் முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கடிதத்தின் தலைப்பில் "இன்டர்ன்" என்று போட்டிருப்பதை வைத்துச் சட்டம் எதையும் முடிவு செய்வதில்லை. நிறுவனத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது வேலை ஒப்பந்தமா இல்லையா என்றுதான் பார்க்கும்.

அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு படியுங்கள். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்று நேரம் போட்டிருக்கிறதா? லீவு எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கணினியும் மேசையும் அவர்கள் கொடுப்பதா? நீங்கள் செய்யப்போகும் சோதனை வேலை அவர்கள் வாடிக்கையாளரிடம் காசு வாங்கிக்கொண்டு செய்து தரும் வேலையேதானா? மாதா மாதம் ஒரே தேதியில் பணம் வருமா? இத்தனைக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால், தலைப்பில் என்ன இருந்தாலும் நீங்கள் அங்கே தொழிலாளிதான். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் இந்த அடையாளங்களைத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறது. எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இவை இருந்தால் ஒருவரைத் தொழிலாளி என்றே கருதலாம் என்கிறது அது. வேலைக் காப்புறுதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தொழில் பழகுநர் ஒப்பந்தத்தில் இருப்பவரையும் "தொழிலாளி" என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். "இபிஎஃப், சொக்சோ, இஐஎஸ் பிடித்தம்" (சேமநிதி, சமூகப் பாதுகாப்பு, வேலைக் காப்புறுதிச் சந்தாக்கள்) என்று ஒரு வரி அங்கே இருந்தால் கேள்வியே இல்லை, அது வேலைதான். அப்படியானால் 1,200 வெள்ளி சரியான சம்பளமும் இல்லை. குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்குக் கணக்கிட்டால் 8 வெள்ளி 72 காசு. 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் மற்றவர்களுக்கும் அது வந்துவிட்டது. நீங்கள் எந்தக் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கும் மாணவி இல்லை. படிப்பின் பகுதியாகக் கல்லூரி அனுப்பி வரும் பிள்ளைகளின் தொழில்பயிற்சி வேறு, வேலை இழந்த 26 வயதுக்காரரை முழு நேரம் உட்கார வைத்து வேலை வாங்குவது வேறு. மனிதவளப் பிரிவில் இதை நேராகக் கேளுங்கள். கேட்பதால் வாய்ப்பு கைநழுவிவிடும் என்று நினைக்க வேண்டாம். எத்தனையோ சிறு நிறுவனங்கள் விவரம் தெரியாமல்தான் இப்படிக் கடிதம் கொடுக்கின்றன, எடுத்துச் சொன்னால் மாற்றியும் தருகின்றன.

பிடித்தம் எதுவும் இல்லை, உண்மையிலேயே பயிற்சிதான் என்று அவர்கள் சொன்னால், எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. நீங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறீர்கள். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் பாலம் ஒன்றே 13.5 கிலோமீட்டர். தொழிலாளியாகச் சந்தா கட்டப்பட்டிருந்தால், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்குச் சொக்சோ துணை நிற்கும். சந்தா இல்லாத பயிற்சியாளருக்கு அந்தத் துணை கிடையாது. மூன்று மாதம்தானே என்று விட்டுவிடக்கூடிய விஷயமில்லை இது. குறைந்தபட்சம் நிறுவனமே உங்கள் பெயரில் ஒரு விபத்துக் காப்புறுதி எடுத்துத் தருமா என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "சொக்சோவே பயிற்சி கொடுக்கிறதே, இதுவும் பயிற்சிதானே" என்று சிலர் சொல்வார்கள். வேலைக் காப்புறுதியில் பயிற்சிக் கட்டணமும் பயிற்சி அலவன்ஸும் இருப்பது உண்மைதான். ஆனால் அது சொக்சோ அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில், சொக்சோ ஏற்பாட்டில் நடக்க வேண்டியது. நீங்களாகத் தேடிப்போய்ச் சேரும் இன்டர்ன்ஷிப் அதில் வராது.

இனி அலவன்ஸ் விஷயத்துக்கு வருவோம். 2017 ஆம் ஆண்டு வேலைக் காப்புறுதிச் சட்டம் ஒரு காரணத்துக்காகத்தான் அதைத் தருகிறது. வேலை போனவர் வேலை செய்யத் தயாராக இருக்கிறார், உண்மையாகவே வேலை தேடுகிறார், தேடும் காலத்தில் அடுப்பு அணையக் கூடாது என்பதற்காக. அதனால்தான் மாதாமாதம் எங்கெங்கே விண்ணப்பித்தீர்கள், எந்த நேர்காணலுக்குப் போனீர்கள் என்று கணக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள், மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்தில் பதிந்துவைக்கச் சொல்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பது மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்துவிட்டால், நாளைக்கே வேலை கிடைத்தாலும் போகத் தயார் என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்? சம்பளமே இல்லாத பயிற்சியாக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். ஆகவே நிறுவனத்திடம் இரண்டு வாசகங்களைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நேர்காணலுக்குப் போக நேரம் தருவார்கள் என்பது ஒன்று. நிலையான வேலை கிடைத்தால் ஒரு வார அறிவிப்பில் விலகலாம் என்பது மற்றொன்று. வாரம் மூன்று நாள் என்று மாற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. சொக்சோ அதிகாரி முன்னால் இந்த வாசகங்கள் இருக்கும் கடிதத்தை வைப்பதற்கும் வெறும் கடிதத்தை வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

துணிக்கடை வேலையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உண்மையில் முடிச்சு அங்கேயும் இருக்கிறது. எப்போது சேர்ந்தீர்கள் என்பதை எழுதவில்லை.

தொழிற்சாலையில் இருந்த காலத்திலேயே வார இறுதியில் கடைக்கும் போய்க்கொண்டிருந்தீர்கள் என்றால், உங்களுக்கு இரண்டு வேலை இருந்து அதில் ஒன்று போயிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்காக 2017 சட்டம் வேறொரு பிரிவை வைத்தது, வருமானக் குறைவு அலவன்ஸ் என்று. விண்ணப்பத்தில் கடை வேலையைக் குறிப்பிட்டீர்களா, எந்தப் பிரிவில் உங்களுக்கு அனுமதி கிடைத்தது என்று அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். பிரிவு தவறாக இருந்தால் நீங்களே போய்த் திருத்துவது நல்லது. அலவன்ஸ் கிடைக்க ஆரம்பித்த பிறகு கடையில் சேர்ந்திருந்தால், அது சட்டத்தின் பார்வையில் புதிய வேலை. வாரம் பத்து மணி நேரம்தானே என்று தோன்றும். மணி நேரம் குறைவு என்பதை அதிகாரி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான், நீங்களோ உங்கள் தோழியோ நானோ இல்லை.

கடை முதலாளி உங்களுக்குச் சந்தா கட்டுகிறாரா என்றும் கேளுங்கள். பகுதி நேரம், தற்காலிகம் என்ற காரணத்தால் சொக்சோ சந்தா கட்டாமல் இருக்க முடியாது. கடையின் வியாபாரத்துக்காகச் சம்பளத்துக்கு உட்காருபவர் தொழிலாளிதான். சந்தா அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

இந்த 15 ஆம் தேதியை நான் சும்மா சொல்லவில்லை. சம்பளப் பட்டியல் போடும் வேலையில் நான் இருந்த காலத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு வழக்கம்போலச் சந்தா அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து வெளுத்த முகத்தோடு என் மேசைக்கு வந்தான். முந்தைய வேலை போனதற்கு அவன் இன்னும் அலவன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒரே அடையாள அட்டை எண்ணில் ஒரு பக்கம் "வேலை இல்லை", மறு பக்கம் "சந்தா வந்தது". விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. வாங்கியதைத் தவணை தவணையாகத் திருப்பிக் கட்டினான். பொய்த் தகவல் கொடுத்து அலவன்ஸ் வாங்குவது குற்றமும்கூட. அந்தப் பையன் ஏமாற்ற நினைத்தவன் இல்லை, யாரோ சொன்னதை நம்பியவன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உங்கள் சராசரிச் சம்பளம் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். முதல் மாதம் 80 விழுக்காடு, 2,400 வெள்ளி. இரண்டாம் மாதம் 50 விழுக்காடு, 1,500. மூன்றும் நான்கும் 40 விழுக்காடு, 1,200 வீதம். ஐந்தும் ஆறும் 30 விழுக்காடு, 900 வீதம். எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் கட்டிய சந்தாவைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு வரை. ஆறு மாதம் அனுமதி என்றால் உங்களுக்கு இன்னும் 4,200 வெள்ளி மிச்சம்.

இப்போது வேலைக்குச் சேர்ந்தால் அலவன்ஸ் நிற்கும். ஆனால் மிச்சம் முழுதாக வீணாகாது. சீக்கிரம் வேலைக்குத் திரும்பியவருக்கு மிச்சத்தில் ஒரு பங்கைத் தரும் ஏற்பாடு இருக்கிறது. 2017 சட்டம் அதை 25 விழுக்காடாக வைத்தது, உங்கள் கணக்கில் 1,050 வெள்ளி. இன்றைய விகிதத்தைக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணம் வேலைக்குச் சேர்ந்தவருக்குத்தான். "பயிற்சி" என்ற பெயரில் ஒப்பந்தமில்லாமல் போனவர் இதைக் கேட்க முடியாது. ஆக, 1,700 வெள்ளிக்கு முறையான ஒப்பந்தத்தோடு போனால் மூன்று மாதத்தில் 5,100, அதோடு இந்தத் தொகையும். 1,200 வெள்ளிப் பயிற்சிக்குப் போய் அலவன்ஸும் நின்றால் 3,600 மட்டும். எங்கும் போகாமல் வீட்டிலிருந்து வேலை தேடினாலே அந்த மூன்று மாதத்துக்கு 3,300 வரும். வித்தியாசம் 300 வெள்ளிதான், அது பெட்ரோலுக்கே போய்விடும்.

ஆனால் மூன்று மாதம் கழிந்த பிறகு என்ன என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். காலம் குறித்துப் போட்ட ஒப்பந்தம் அந்தத் தேதியில் முடிந்தால், வேலைக் காப்புறுதிச் சட்டம் அதை வேலை இழப்பாக ஏற்றுக்கொள்ளாது. தானாக ராஜினாமா செய்தவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் இல்லாததைப் போலவே, தவணை முடிந்தவருக்கும் இல்லை. மூன்று மாத முடிவில் "நன்றி, வணக்கம்" என்று அனுப்பிவிட்டால் அந்த வேலைக்காகப் புதிதாக எதையும் கோர முடியாது. நிறுத்திய பழைய அலவன்ஸ் மறுபடி தொடரும் என்ற கணக்கிலும் இறங்காதீர்கள். ஆகவே நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி சம்பளம் இல்லை. இதற்கு முன்னால் எடுத்த இன்டர்ன்களில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினார்கள் என்பதே. மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதத் தவணை வேண்டாம், மூன்று மாதத் தகுதிகாண் காலத்தோடு நிரந்தர வேலையாகக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

என்னைக் கேட்டால், நிரந்தரமாக்கும் வாய்ப்பு உண்மையாக இருந்தால் போங்கள். தொழிற்சாலைத் தளத்திலிருந்து மென்பொருள் சோதனைக்கு மாறுவது 26 வயதில் செய்ய வேண்டிய மாற்றம்தான், அதற்காக மிச்சமிருக்கும் அலவன்ஸை விட்டுக்கொடுக்கலாம். வாய்ப்பு இல்லையென்றால் வேலை தேடுவதிலேயே முழு நேரத்தையும் போடுங்கள்.

சொக்சோவுக்குப் போக நீங்கள் பாலம் கடக்க வேண்டியதில்லை, செபராங் ஜெயாவில் அலுவலகம் இருக்கிறது. முன்கூட்டிக் கேட்க 1-300-22-8000. மலாயில் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன நிறுவனம் பயிற்சிக்கு அழைத்திருக்கிறது, மாதம் இவ்வளவு, வாரம் இத்தனை மணி நேரம், இதோடு வார இறுதியில் இன்ன கடையில் இந்தத் தேதியிலிருந்து வேலை, இவை என் அலவன்ஸை எப்படிப் பாதிக்கும் என்று எழுத்தில் தெரிவிக்கவும். இவ்வளவு போதும். நிறுவனத்தின் கடிதம், கடையின் சம்பளச் சீட்டு, அலவன்ஸ் அனுமதிக் கடிதம் மூன்றையும் நகலெடுத்து இணையுங்கள். கடிதம் இரண்டு பிரதி இருக்கட்டும். ஒன்றில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். பதில் வரும் வரை நிறுவனத்தின் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னால் அவர்கள் பொறுப்பார்கள்.

கடையில் சம்பளச் சீட்டே தருவதில்லை என்றால், இந்த வாரமே முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். கையால் எழுதி, கடையின் சாப் போட்டுக் கொடுத்தாலும் சரி. மாதம், மணி நேரம், தொகை, சந்தாப் பிடித்தம் நான்கும் அதில் இருக்க வேண்டும்.